மாட்டுக்குச் சொன்ன மருந்து

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் பிரிஞ்சாங் பட்டணத்துக்கு மேலே, ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், தேயிலைச் சரிவுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது கியா பார்ம். 1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்த மலைப்பகுதி இது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே லயங்களில் குடியேறின. மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு மாடும் ஆடும் கூலிக்கு மேலான ஒரு பிடிமானம். குடும்பமுள்ள தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தர வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கால்நடை மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இல்லாத அந்த வாழ்க்கையில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூண்டும்தான் மாட்டுக்கு மருந்துப்பெட்டி. வேம்பு சமவெளி மரம். இந்தக் குளிரில் அதை எதிர்பார்க்க முடியாது. மளிகைக் கடையில் கிடைத்தவையே மலைக்கு வந்து சேர்ந்தன.

இன்று அதே பொருள்கள் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் 'இயற்கை வைத்தியம்' என்ற பெயரில் கொடுக்கப்படுகின்றன. பாட்டன் காலத்து அறிவு என்பதே அதற்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. இந்தச் சான்று செல்லாது என்பதே என் வாதம். நம் பழைய கால்நடை வைத்தியம் 'மூலிகை, ஆகவே நல்லது' என்று ஒருபோதும் சொன்னதில்லை. மாட்டுக்கு மாட்டு வாகடம் என்று தனி நூல் வைத்திருந்தார்கள். வடமொழியில் குதிரைக்குச் சாலிகோத்திரர் பெயரிலும் யானைக்குப் பாலகாப்பியர் பெயரிலும் தனித்தனி நூல்கள் உண்டு. விலங்கு மாறினால் உடம்பு மாறும், உடம்பு மாறினால் மருந்தும் மாறும் என்பது அந்த மரபின் அடிப்படை.

மரபு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி நாட்டு வைத்தியத்தை அளவோடு வகுத்துத் தந்தார். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் விழுது சிவந்து வரும். பாலை முழுக்கக் கறந்து, மடியைக் கழுவிவிட்டு, ஒரு கையளவு விழுதைத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். நாளுக்குப் பத்து முறை, குறைந்தது ஐந்து நாள். இந்தியாவின் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் இந்த முறையை நாடெங்கும் பரப்பி வருகிறது. பாலில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் தங்குவதும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் உலகத்தையே கவலைப்பட வைத்திருக்கும் நேரத்தில் இது சிறிய காரியமில்லை. நாட்டு வைத்தியம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்த ஒரு விழுதே போதிய பதில்.

ஆனால் அதே மையம் கோமாரிக்குச் சொல்லும் மருந்தைப் பாருங்கள். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் ஆகியவற்றுடன் நான்கு பல் பூண்டு, வெல்லம், தேங்காய். முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள மாடு தாங்கும் பூண்டை நான்கு கிலோ பூனை தாங்காது. பூண்டும் வெங்காயமும் நாய், பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. உடல் எடையில் கிலோவுக்கு ஐந்து கிராம் வெங்காயமே பூனையின் ரத்தத்தைக் கெடுக்கப் போதும். பூனையின் கல்லீரல் பல வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்ற வல்லதல்ல. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை அதைக் கொன்றுவிடக்கூடும். 'மேலுக்குத்தானே தடவுகிறோம்' என்பதும் பூனையிடம் செல்லாது. முதுகில் தடவியதைச் சற்று நேரத்தில் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும்.

குப்பைமேனியும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. கோமாரிக் கால்புண்ணுக்குக் காய்ச்சும் எண்ணெயில் ஒரு கைப்பிடி குப்பைமேனி உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் கிறங்கிப் புரளும். தமிழர் அதைப் பூனைவணங்கி என்றதும் மலாய்க்காரர் கூச்சிங் காலாக் என்றதும் அதனால்தான். பூனை விரும்புகிறது என்பதற்காக அது பூனைக்கு மருந்தாகிவிடாது. இந்தக் கீரையைக் கஞ்சியில் சேர்த்துக் குடித்த மனிதர்களிலேயே, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

'கொடுத்தோம், நாய் பிழைத்ததே' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாயின் வயிற்றுப்போக்கும் சிறு புண்ணும் பெரும்பாலும் தாமாகவே ஆறும். பூண்டின் கேடோ சில நாள் கழித்தே சோர்வாகவும் வெளிறிய ஈறாகவும் தெரியும். அதற்குள் கொடுத்தது மறந்துபோய், பழி வேறு எதன் மீதாவது விழும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கும் இரண்டு நாளும், ரத்தம் பார்த்து மருந்து தொடங்கியிருக்க வேண்டிய இரண்டு நாள்.

மரபை மதிக்கிறவர்கள் மலைத்தோட்டத்து முதியவர்களிடம் உட்கார்ந்து, எந்த விலங்குக்கு, எத்தனை எடைக்கு, எத்தனை கிராம், உள்ளுக்கா மேலுக்கா என்று கேட்டு எழுதட்டும். மாட்டுக்குச் சொன்னதை மாட்டுக்கு என்றே எழுதட்டும்.