திசு டிரான்ஸ்குளுட்டமினேஸ்: உயிரணுவுக்கு வெளியே ஒரு நொதியின் வரலாறு

திசு டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்பது மனித உடலின் பெரும்பாலான திசுக்களில் காணப்படும், பல பணிகளைச் செய்யும் நொதியாகும். உயிரணுவுக்கு வெளியே இது எப்போது இயங்குகிறது என்பதை அறிய அரை நூற்றாண்டு பிடித்தது.

கண்டுபிடிப்பும் பணிகளும்

1957-இல் ஹைன்ரிக் வேல்ஷின் குழுவினர் கினிப்பன்றியின் ஈரலில் இந்நொதியின் செயலைக் கண்டறிந்தனர். ஒரு புரதத்திலுள்ள குளுட்டமினை மற்றொரு புரதத்திலுள்ள லைசினுடன் இது பிணைக்கிறது. இப்பிணைப்பு எளிதில் அறாது. ஆகவே, உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள புரத இழைகள் உறுதிபெறவும் காயம் ஆறவும் இது உதவுகிறது. அளவு மீறினால் திசு தடித்து இறுகும். உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரினை வெளியேயுள்ள ஃபைப்ரோனெக்டினுடன் இணைப்பது இதன் மற்றொரு பணியாகும். அதற்கு நொதிச் செயல் தேவையில்லை.

சீலியாக் நோய்

குடலைச் சேதப்படுத்தும் சீலியாக் நோயைக் கோதுமை தூண்டுகிறது என்பதை டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கெ 1950-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். இந்நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் தாக்குவது இந்நொதியையே என்று 1997-இல் பெர்லினில் டெட்லெஃப் ஷுப்பானின் குழு காட்டியது. கோதுமைப் புரதமான குளூட்டனிலுள்ள குளுட்டமினை இந்நொதி குளுட்டமிக் அமிலமாக மாற்றுகிறது; அதனால் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் குளூட்டனை மேலும் வலுவாக இனங்காண்கின்றன. இது 1998-இல் தெரியவந்தது. இன்று இந்த எதிர்ப்பொருளைக் குருதியில் அளப்பதே இந்நோய்க்கான முதன்மைச் சோதனையாக உள்ளது.

கட்டுப்பாடு

இந்நொதி இயங்கக் கால்சியம் தேவை. உயிரணுவுக்குள் கால்சியம் குறைவு. அங்குள்ள ஜிடிபி மூலக்கூறும் இதனுடன் இணைந்து அதன் வடிவத்தை மூடி வைக்கிறது. வெளியே கால்சியம் மிகுதி என்பதால், அங்கு இது எப்போதும் இயங்கும் என்றே கருதப்பட்டது. ஆனால், வெளியேயும் இது பெரும்பாலும் இயங்காமலே இருக்கிறது என்றும் திசு காயப்படும்போது மட்டும் சிறிது நேரம் இயங்குகிறது என்றும் 2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சைதன் கோஸ்லா குழு காட்டியது. நொதிக்குள் இரு கந்தக அணுக்களிடையே உருவாகும் பிணைப்பு அதை முடக்குகிறது. தயோரெடாக்சின் என்னும் புரதம் அப்பிணைப்பை அறுத்து நொதியை மீண்டும் இயக்குகிறது என்பது 2011-இல் வெளியானது.

இந்நொதியைத் தடுக்கும் மருந்து ஒன்று, குளூட்டன் உண்ட நோயாளிகளின் குடல் சேதத்தைக் குறைத்ததாக 2021-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதையே சிகிச்சையாகக் கொண்டுள்ளவர்களுக்கு இது முக்கியமான முன்னேற்றமாகும்.