ஐந்து ஜாலி

1986-இல் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தபோது எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மத்திகிரியில் தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். முதல் சம்பளம் வாங்கிய அன்று, "வேலை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார் வீட்டுக்கார அவ்வா (பாட்டி). "ஜாலி அவ்வா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே போய் ராகிக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்து, சாப்பிடச் சொன்னார். தெலுங்கில் ஜாலி என்றால் இரக்கம்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் கவனித்து வருகிறேன். என்னோடு ஷிப்ட் பார்த்த தளிக்காரருக்குக் கன்னடம் தாய்மொழி. அவருக்கு ஜாலி என்பது கருவேல மரம். சீமைக்கருவேலத்தை 'பள்ளாரி ஜாலி' என்பார். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருது பேசுபவர்களிடம் கேட்டால், காற்று வரத் துளையிட்ட சன்னல் வேலைப்பாடுதான் ஜாலி. இன்று சிப்காட்டுக்கு வரும் வடநாட்டுப் பிள்ளைகள் கள்ள நோட்டை 'ஜாலி நோட்டு' என்கிறார்கள். அது வேறு சொல், அரபு வேர் கொண்டது.

நாம் மகிழ்ச்சிக்குச் சொல்லும் ஜாலிக்கு இவற்றில் எதனோடும் உறவில்லை. பழைய பிரெஞ்சில் 'ஜோலிஃப்' என்று இருந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அழகு, களிப்பு, மிடுக்கு எல்லாம் அதற்குப் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அழகை வைத்துக்கொண்டார்கள், 'ஜோலி' என்றால் அங்கே இன்றும் அழகானது. ஆங்கிலம் களிப்பை எடுத்துக்கொண்டது. வட ஐரோப்பாவின் நார்ஸ் மக்கள் குளிர்காலத்தில் கொண்டாடிய 'யோல்' விருந்துதான் இதன் வேர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

இந்த ஆங்கிலச் சொல் எங்கள் பக்கம் வந்த கதை பழையது. திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் 1792-இல் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலம் அளந்தார்கள். 1799-இல் திப்பு வீழ்ந்ததும் ஓசூரும் போனது. ஆட்சியோடு ஆங்கிலமும் வந்தது. அதன் குறில் ஒகரம் நம் வாயில் ஆகாரமாக நீளும்: காபி, டாக்டர், காலேஜ். அப்படி நீண்டதால்தான் இந்தச் சொல் தெலுங்கு இரக்கத்தோடும் கன்னட முள்மரத்தோடும் ஒரே ஒலியில் வந்து நின்றது.

இது தமிழல்ல, தள்ளிவிடுங்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் இன்று இது கிழடு தட்டிய சொல். கிறிஸ்துமஸ் காலத்தில்தான் அதிகம் கேட்கும். நம்மிடம் வந்துதான் இளமையாக இருக்கிறது. அங்கே ஆளின் குணத்தைச் சொன்னது, இங்கே கவலையற்ற பொழுதையும் சொல்கிறது. நைட் ஷிப்ட் முடித்து வெளியே வரும் பையன் "இனி ரெண்டு நாள் ஜாலி" என்கிறானே, அந்த விடுதலையை ஒரே சொல்லில் சொல்ல வேறு எது இருக்கிறது?

அவ்வா வீட்டில் பதினொரு வருஷம் இருந்தேன். கடைசிவரை அவர் வாயில் ஜாலி என்றால் இரக்கம்தான்.