ஒரு கேள்வி, இரண்டு சரியான விடைகள்

டோல்கீன் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் போதும், ஒருவருக்கொருவர் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். பதில் தெரியாதவர் அரைகுறை ரசிகர்! நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

கேள்வி இதுதான்: 'தி ஹாபிட்' கதையில் வரும் விடுகதைப் போட்டியில் பில்போ ஜெயித்தால் கோல்லம் என்ன தருவதாகச் சொன்னது? "குகையை விட்டு வெளியே போக வழி காட்டும்" என்றேன். "தப்பு, மோதிரம்" என்றார் நண்பர்.

பிறகு தேடிப் படித்தால், இரண்டுமே சரி! 1937-இல் வந்த முதல் பதிப்பில் பரிசு மோதிரம்தான். அதைக் காணாமல் கோல்லம் மன்னிப்பெல்லாம் கேட்கும். ஆனால் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது அதே மோதிரம் யாராலும் எளிதில் விட்டுக்கொடுக்க முடியாத தீய பொருளாகிவிட்டது. எனவே டோல்கீன் அந்த அத்தியாயத்தையே மாற்றினார். 1951 பதிப்பில் வழி காட்டுவதுதான் பரிசு. அப்படியானால் பழைய கதை? அது பில்போ சொன்ன பொய் என்று 1954-இல் வந்த முதல் பாகத்தின் முன்னுரையில் எழுதிவிட்டார்! வணிகவியல் மாணவனான எனக்கு இது பிழைதிருத்தப் பதிவு போலவே தெரிகிறது.

ஆசிரியரே திருத்திய உலகத்தில், ஒற்றை விடையை வைத்து ஒருவரை அரைகுறை என்று ஒதுக்கலாமா? அடுத்த முறை யாராவது மடக்கினால், "எந்தப் பதிப்பு?" என்று திருப்பிக் கேளுங்கள் நண்பர்களே!