ராஜகுமாரி, டி. ஆர்.

டி. ஆர். ராஜகுமாரி (1922–1999), தமிழ்த் திரை ரசிகர்களின் முதல் 'கனவுக்கன்னி' எனப் போற்றப்பட்ட நடிகை, பாடகி. தஞ்சாவூர் இசைக் குடும்பத்தவர். கே. சுப்பிரமணியம் இயக்கிய 'கச்ச தேவயானி' (1941) புகழ் தந்தது. எம். கே. தியாகராஜ பாகவதருடன் நடித்த 'ஹரிதாஸ்' (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் ரம்பாவாக இவர் காட்டிய கண் பாவனை நெடுங்காலம் பேசப்பட்டது. 'மங்கம்மா சபதம்' (1943) வசுந்தரா தேவி போன்ற சமகால அழகியருக்கும் ரசிகர்கள் திரண்டனர். எனினும் சொந்தக் குரலும் நடனமும் கூடிய கவர்ச்சியில் ராஜகுமாரியே முதன்மையானவர். எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948), முரசு நடனத்தோடு, இந்திப் பதிப்பின் வழியே வடநாட்டு ரசிகர்களையும் ஈட்டித் தந்தது. தம்பி டி. ஆர். ராமண்ணாவுடன் ஆர். ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தை நடத்தினார். சென்னை தியாகராய நகரில் இவர் பெயரிலேயே 'ராஜகுமாரி' திரையரங்கு இயங்கியது.