தஞ்சோங் துவானில் பருந்துக் காலம்: வழிகாட்டியின் வேலை என்ன?

மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான ஒரு காடு நெகிரி செம்பிலானுக்குள் இருப்பது பலருக்குத் தெரியாது. போர்ட்டிக்சன் அருகே கடலுக்குள் நீண்டிருக்கும் தஞ்சோங் துவான் முனைதான் அது. நிர்வாகத்தில் அது அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. பாச்சாங்கிலிருந்து மஸ்ஜித் தானா, லிங்கி வழியாகக் காரில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. ஆனால் சைபீரியா, சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளின் குளிர்காலம் நம் வானத்தில் தெரியும். அங்கே குளிர் தொடங்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பருந்துகள் தெற்கே வருகின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே திரும்புகின்றன. திரும்பும் வழியில் மலாக்கா நீரிணையின் குறுகிய பகுதியைத் தேர்ந்தெடுக்கின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்குச் சுமார் 38 கிலோமீட்டர்.

ஏன் இந்த முனை?

பெரிய பருந்துகள் சூடான காற்றின் மேல் ஏறி, சிறகை விரித்து மிதந்தே தூரத்தைக் கடக்கின்றன. நிலம் சூடேறினால் அந்தக் காற்று எழும்பும். கடலின் மேல் அது மிகக் குறைவு. அதனால் கடலைக் கடக்கும்போது அவை சிறகடித்துக் களைத்துப் போகின்றன. கரையை நெருங்கும்போது தாழ்வாகப் பறக்கின்றன. காட்டுக்கு மேல் வந்ததும் காற்றைப் பிடித்து வட்டமிட்டு உயர்கின்றன. சில மரங்களில் அமர்ந்து இளைப்பாறும்.

இங்கு அதிகம் வருவது தேன் பருந்து. தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்னும். கொட்டுப்படாதிருக்க அதன் முகத்தில் செதில் போன்ற இறகுகள் நெருக்கமாக இருக்கும். பால்வெட்டப் போய்க் குளவியிடம் கொட்டு வாங்கியவர்களுக்கு இந்தப் பறவையின் துணிச்சல் புரியும்.

வழிகாட்டி செய்ய வேண்டியவை

முதலாவது நேரம். காலை வெயில் ஏறிய பிறகே வரத்து கூடும். 11 மணி முதல் 3 மணி வரை நல்ல நேரம். மழை நாளில் பறவைகள் கடலைக் கடக்கத் தயங்கும் என்பதை வந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது இடம். கலங்கரை விளக்கப் பகுதியிலிருந்து கடலையும் வானையும் சேர்த்துப் பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் முதன்முதலில் விளக்கு ஏற்றிய இடம் அது. ஏற்றம் உண்டு, தண்ணீர், தொப்பி அவசியம். குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது.

மூன்றாவது படம். பறக்கும் பருந்துக்கு 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ், விநாடியில் 2000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் உதவும். பளிச்சென்ற வானத்தில் பறவையின் அடிப்பக்கம் கறுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்ட வேண்டும்.

நான்காவது கட்டுப்பாடு. இதுதான் கடினமானது. அமர்ந்த பறவையை நல்ல படத்துக்காக எழுப்பிவிடுவது, டிரோன் பறக்கவிடுவது, ஒலிப்பதிவு போட்டு அழைப்பது எல்லாம் கூடாது. கடலைக் கடந்து வந்த பறவைக்கு மிச்சமிருக்கும் பலம் வடக்கே போவதற்கு. காசு கொடுத்தவர் கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்பவரே நல்ல வழிகாட்டி.

தொழிலாகச் செய்ய

கூலிக்கு வழிகாட்ட உரிமம் வேண்டும். 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வழிகாட்டுவது குற்றம். அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பயிற்சி முடித்துத் தேர்வில் தேற வேண்டும். நகர வழிகாட்டிக்கு நீலப் பட்டை, இயற்கை வழிகாட்டிக்குப் பச்சைப் பட்டை. பச்சைப் பட்டை பெற்றவருக்கு வேலை தஞ்சோங் துவானோடு முடிவதில்லை. 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த தாமான் நெகாரா போன்ற காடுகளும் உண்டு.

தொடங்க விரும்பும் இளையோர் முதலில் பார்வையாளராகப் போகலாம். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் தஞ்சோங் துவானில் பருந்து காணும் நிகழ்வை நடத்தி வருகிறது. வழக்கமாக மார்ச் மாதத்தில் நடக்கும். அனுபவமுள்ளவர்களோடு நின்று பறவையை எண்ணவும் இனம் பிரிக்கவும் அங்கே பழகலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மரமும் பறவையும் புதிதல்ல. அந்தப் பழக்கத்தோடு பயிற்சியும் உரிமமும் சேர்ந்தால் அதுவே பிழைப்பாகும்.