கொழுப்புணவு, உடற்பருமன், அழுத்த அனிச்சை: எது காரணம்?

கொழுப்பு மிகுந்த உணவால் உடல் பருத்தால் இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயல் மழுங்குகிறது. அதனால்தான் அழுத்தம் ஏறுகிறது என்பது பரவலான விளக்கம். இதன் முற்பாதிக்குச் சான்று உண்டு. பிற்பாதியை நான் ஏற்கவில்லை.

கழுத்துத் தமனி கிளைபிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு நுனிகள் தமனிச் சுவர் விரிவதை உணர்ந்து முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. உடனே வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பரிவு நரம்புகள் அடங்கி இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் செலுத்தி, ஒவ்வொரு மி.மீ. பாதரச உயர்வுக்கும் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எத்தனை மில்லிவினாடி நீள்கிறது என்று பார்ப்பது 1969இல் ஸ்மித், ஸ்லைட், பிக்கரிங் ஆகியோர் வகுத்த முறை. எளிமையான முறைதான். ஆனால் அது இதயத்தை மட்டுமே அளக்கிறது. அழுத்தத்தை நாள்கணக்கில் நிர்ணயிப்பதில் பெரும்பங்கு சிறுநீரகத்துக்கும் அதற்குச் செல்லும் பரிவு நரம்புக்கும் உரியது.

இத்தாலியில் கிராஸி குழுவினர் 1995இல் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பினர். முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, தசைக்குப் போகும் பரிவுத் துடிப்புகளை நேரடியாகப் பதிவுசெய்தார்கள். பருமனானவர்களிடம் இரத்த அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே அத்துடிப்புகள் மிகுந்தும் அனிச்சை தளர்ந்தும் காணப்பட்டன. 1998இல் வந்த அவர்களது அடுத்த ஆய்வில், எடை குறைந்ததும் இரண்டும் சீரடைந்தன. ஆக, அனிச்சை கெடுவதற்கு உயர் அழுத்தம் முன்நிபந்தனை அல்ல.

அதனாலேயே அது உயர் அழுத்தத்துக்குக் காரணமாகிவிடுமா? மிசிசிப்பியில் கௌலி, லியார்ட், கைட்டன் மூவரும் 1973இல் நாய்களின் அழுத்த உணரி நரம்புகளை அறுத்துவிட்டு இரவுபகலாக அழுத்தத்தைக் கண்காணித்தார்கள். அது தாறுமாறாக ஏறியிறங்கியது. சராசரியோ பெரிதாக உயரவில்லை. அனிச்சையை அடியோடு இழந்த விலங்குக்கே நிலைத்த உயர் அழுத்தம் வரவில்லை என்றால், சற்று மழுங்கியதன் மேல் முழுப் பழியையும் போடுவது பொருந்தாது.

அதே மிசிசிப்பியில் லோமையர் குழுவினர் 2007இல் மாட்டுக் கொழுப்பு ஊட்டிப் பருக்கவைத்த நாய்களின் கழுத்துத் தமனி உணரிப் பகுதியை மின்சாரத்தால் தூண்டினர். ஏறியிருந்த அழுத்தம் இறங்கியது. போதிய செய்தி வந்து சேர்ந்தால் முகுளமும் அதிலிருந்து வெளிச்செல்லும் நரம்புகளும் பருத்த உடலிலும் பணிகின்றன என்பதே இதற்குப் பொருள்.

எனவே அழுத்தத்தை ஏற்றும் உந்துதலை வேறிடத்தில் தேடவேண்டும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஹைப்போதலாமஸில் மெலனோகார்டின்-4 ஏற்பிகளின் வழியே பரிவு நரம்புகளை முடுக்குகிறது. அந்த ஏற்பியில் பிறவிக் குறையுள்ளவர்கள் பருமனாக இருந்தும் அவர்களிடம் உயர் அழுத்தம் குறைவு என்று 2009இல் கிரீன்ஃபீல்டு குழுவினர் காட்டினர். என் கணிப்பில் முதன்மைக் காரணம் இந்த முடுக்கமே. மழுங்கிய அனிச்சை அதை எதிர்த்து நிற்கத் தவறுகிறது, அவ்வளவுதான். (இந்த விவாதத்தில் ஸூக்கர் எலிகளைச் சான்றாகக் கொண்டுவருவதில் எச்சரிக்கை தேவை. அவற்றின் லெப்டின் ஏற்பியே பழுதானது. உணவால் பருத்த உடலுக்கு அவை நேர் மாதிரி ஆகா.)

இக்கணிப்பைச் சோதிக்க வழி உண்டு. கொழுப்புணவு தொடங்கிய நாளிலிருந்து, அழுத்தம் ஏறுவதற்கு முன்பும் பின்பும், சிறுநீரகப் பரிவு நரம்பின் அனிச்சைத் துலங்கலை ஒரே விலங்கில் தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும். துடிப்பு இடைவெளியை மட்டும் அளக்கும் ஆய்வுகள் எத்தனை சேர்ந்தாலும் இக்கேள்விக்கு விடை தரா.