சிகாகோவில் சாக்கடைப் பின்னோட்டமும் பேஸ்மென்ட் பாதுகாப்பும்

பலத்த மழையில் பாதாளச் சாக்கடை நிரம்பி, அந்தக் கழிவுநீர் வீட்டு இணைப்புக் குழாய் வழியே எதிர்த்து வந்து, தரைக்குக் கீழுள்ள தளமான பேஸ்மென்ட்டில் பொங்குவதே சாக்கடைப் பின்னோட்டம். ஆறு கரையை உடைத்துக்கொண்டு வரும் வெள்ளம் வேறு, இது வேறு. வாசலில் தண்ணீர் தேங்காத வீட்டிலும் தரையிலுள்ள வடிகால் துளை வழியாக மலக்கழிவு கலந்த நீர் முழங்கால் அளவுக்கு ஏறிவிடும். அமெரிக்காவின் சிகாகோ நகரம் இந்தத் தொல்லையோடு நெடுங்காலமாகப் போராடி வருகிறது. மழைநீரை எங்கே நிறுத்திவைப்பது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் மையக் கேள்வி. அதற்கு நகரம் இடம் ஒதுக்காதவரை பேஸ்மென்ட்டுகளே அந்த இடமாக இருந்தன.

மிச்சிகன் ஏரிக்கரையின் சதுப்புநிலத்தில், ஏரி மட்டத்துக்குச் சில அடிகள் மட்டுமே மேலே, எழுந்த ஊர் சிகாகோ. 1854ஆம் ஆண்டுக் காலரா, மக்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவரைக் கொண்டுபோனது. மறு ஆண்டு எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளரிடம் சாக்கடைத் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. குழாய்க்குச் சரிவு கொடுக்கும் அளவுக்கு நிலத்தில் ஆழமில்லை. ஆகவே அவர் சாக்கடையைத் தெருவின் மேலேயே பதித்து, அதன்மேல் மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்தினார். தெருவுக்கு ஈடாகக் கட்டடங்களும் தூக்கப்பட்டன. 1860இல் லேக் தெருவின் ஒரு கட்டட வரிசை, ஏறக்குறைய 6,000 திருகு ஜாக்கிகளின் மேல் ஒட்டுமொத்தமாக எழும்பியது. ஆனால் எல்லோராலும் வீட்டைத் தூக்க முடியவில்லை. உழைப்பாளர்கள் வாழ்ந்த பில்சன் போன்ற பகுதிகளில் பல வீடுகளின் கீழ்த்தளம் தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. நகரைக் காக்க வந்த சாக்கடையே அந்த வீடுகளைப் பள்ளத்தில் தள்ளியது என்பதை இந்த வரலாற்றில் மறக்கக்கூடாது.

செஸ்ப்ரோவின் அமைப்பில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். அது ஆற்றில் விழுந்தது, ஆறு ஏரியில் கலந்தது, ஏரிதான் குடிநீருக்கும் ஊற்று. இதற்குத் தீர்வாக 1900 ஜனவரியில் சுமார் 45 கிலோமீட்டர் நீளக் கால்வாயைத் திறந்து ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டனர். குடிநீர் பிழைத்தது, பேஸ்மென்ட் பிழைக்கவில்லை. மழையில் ஆறு ஏறினால் சாக்கடையின் வாய் மூழ்கிவிடும், உள்ளே வருகிற நீர் போகுமிடமின்றித் தேங்கும். தெருக்குழாயில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறதோ அதே மட்டத்தை இணைப்புள்ள ஒவ்வொரு வீட்டிலும் எட்டப் பார்க்கும். பேஸ்மென்ட் தரை அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால் மேலே வரத்தான் செய்யும். 1910க்கும் 1940க்கும் இடையே இந்நகரில் ஏறத்தாழ 80,000 செங்கல் பங்களாக்கள் எழுந்தன. பேஸ்மென்ட் அவற்றின் இயல்பான பகுதி. கொதிகலனும் நிலக்கரியும் கிடந்த அந்த இடம் பிற்காலத்தில் படுக்கையறையாகவும் குழந்தைகள் விளையாடும் கூடமாகவும் மாறியபோது இழப்பும் கூடியது.

வீட்டுக்காரர் முதலில் கையாண்ட வழி எளியது. தரைத்துளையில் மூன்றடி உயரக் குழாய் ஒன்றைத் திருகிச் செருகுவார்கள். எதிர்த்து வரும் நீர் அந்தக் குழாய்க்குள்ளேயே ஏறி நின்றுவிடும். செலவு குறைவு, ஆபத்து அதிகம். நீர் அதற்குமேல் ஏறினால் வழிந்துவிடும். ஏறாவிட்டாலும் அதன் அழுத்தம் கான்கிரீட் தரையையோ அடியிலுள்ள பழைய குழாயையோ விரிசலிடச் செய்யலாம்.

அடுத்தது நான்-ரிட்டர்ன் வால்வு. வீட்டிலிருந்து வெளியேறும் நீருக்குத் திறந்து, எதிரே வரும் நீருக்கு மூடிக்கொள்ளும் கதவு அது. சிகாகோவில் இதை வீட்டு முன்புறத்தில் மேன்ஹோல் போன்ற தொட்டிக்குள் அமைப்பது வழக்கம். இதிலுள்ள சிக்கலைப் பலர் வெள்ளம் வந்த பிறகே உணர்கிறார்கள்: கதவு மூடியிருக்கும்போது வீட்டின் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரத்தில் குளித்தாலோ துணி துவைத்தாலோ தன் கழிவே தன் பேஸ்மென்ட்டில் பொங்கும். கூரை மழைநீர்க் குழாய் வால்வுக்கு உட்புறமாக இணைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கூரையில் விழும் மழை முழுவதும் உள்ளேயே சேரும். எனவே கூரைக் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டித்துத் தோட்டத்துக்குத் திருப்புவதுதான் முதல் வேலை, வால்வு அதற்குப் பிறகுதான். அதே தொட்டியில் பம்ப் ஒன்றையும் வைத்தால் வால்வு மூடிய நேரத்திலும் வீட்டுக் கழிவை வெளியே தள்ளலாம். கொழுப்போ துணியோ சிக்கினால் கதவு முழுதாக மூடாது. ஆகவே திறந்து பார்த்துச் சுத்தம் செய்யாத வால்வை நம்பக்கூடாது.

மிகவும் நம்பகமான ஏற்பாடு மேல்வழிச் சாக்கடை. பேஸ்மென்ட்டின் கழிவு ஒரு குழியில் சேரும். பம்ப் அதைப் பேஸ்மென்ட்டின் உட்கூரை அளவுக்கு உயர்த்தி, அங்கிருந்து தெருச் சாக்கடைக்கு அனுப்பும். தெருவில் நீர் எவ்வளவு ஏறினாலும் அந்த உயரத்தைத் தாண்டுவது அரிது. தரையை உடைத்துக் குழாய்களை மாற்றவேண்டியிருப்பதால் செலவு அதிகம். புயலில் மின்சாரம் போவதும் இயல்பு என்பதால் பேட்டரியோடு கூடிய மாற்றுப் பம்ப்பும் தேவை.

வீட்டுக்கு வீடு வால்வு வைப்பதால் மழை குறைந்துவிடாது. 1970களில் சிகாகோ வட்டாரத்தில் ஆண்டுக்கு நூறு நாள் அளவுக்குச் சாக்கடை ஆற்றில் வழிந்துகொண்டிருந்தது. மிஞ்சும் நீரைத் தேக்கிவைக்க 1972இல் ஏற்கப்பட்டு 1975இல் கட்டத் தொடங்கிய ஆழ்சுரங்கத் திட்டத்தின் நோக்கங்களில் பேஸ்மென்ட் வெள்ளத்தைக் குறைப்பதும் ஒன்று. தரைக்குக் கீழே 45 முதல் 90 மீட்டர் வரை ஆழத்தில், பாறையைக் குடைந்து, சுமார் 176 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் அமைந்தது. சில இடங்களில் அதன் விட்டம் 10 மீட்டர். சுரங்கங்கள் 2006இல் முடிந்தன. 2015இல் தார்ன்டன் கல்குவாரி ஏறக்குறைய 3,000 கோடி லிட்டர் கொள்ளும் தேக்கமாயிற்று. 2017இல் மெக்குக் என்ற இன்னொரு தேக்கத்தின் முதற்பகுதி செயல்படத் தொடங்கியது.

இவ்வளவு பெரிய வேலைக்கு இடையே, சிகாகோவின் வடக்கே உள்ள ஸ்கோக்கி என்ற சிற்றூர் 1980களில் வேறொரு வழியைக் கண்டது. தெருவிலுள்ள மழைநீர் வடிகாலின் வாயைச் சுருக்கி, சாலையில் தாழ்வான மேடுகளை எழுப்பி, மழைநீரைச் சிறிது நேரம் தெருவிலேயே நிற்கவைத்தார்கள். சாக்கடைக்குள் நீர் மெதுவாகப் போனது. பேஸ்மென்ட்டில் மலம் கலந்த நீர் ஏறுவதைவிடக் கணுக்கால் அளவு மழைநீர் சாலையில் தேங்குவது எவ்வளவோ மேல். இங்கே சொன்ன முயற்சிகளில் மிகவும் அறிவார்ந்தது இதுவே. சிகாகோ நகரமும் பின்னர் தன் வடிகால்களில் இத்தகைய சுருக்கிகளைப் பொருத்தியது.

கனடாவின் டொராண்டோவிலும் இதே பிரச்சினை உண்டு. 1980களிலும் 1990களிலும் வந்துசேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட்டை வாடகைக்கு எடுத்துத்தான் வாழ்க்கையைத் தொடங்கின. வால்வு பொருத்த வேண்டியவர் வீட்டுக்காரர். நனைவதோ குடியிருப்போரின் பாயும் பத்திரமும். 2005 ஆகஸ்ட் 19ஆம் தேதிப் புயலைத் தொடர்ந்து நகராட்சி வால்வுக்கும் பம்ப்புக்கும் மானியத்தை விரிவாக்கியது. வீடொன்றுக்கு 3,400 டாலர் என்ற உச்சவரம்பு நெடுங்காலம் நீடித்தது. கூரைக் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டிப்பது 2016க்குள் நகர் முழுவதும் கட்டாயமானது.

ஆற்றோர வீடுகளுக்கு மட்டுமே வெள்ள ஆபத்து என்ற எண்ணத்தை 2013இல் வெளியான ஓர் ஆய்வு தகர்த்தது. சிகாகோ அமைந்துள்ள குக் கவுண்டியில் 2007 முதல் 2011 வரை 1,81,000க்கும் மேற்பட்ட வெள்ளச் சேத இழப்பீடுகளுக்கு 77 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டிருந்தது. அந்தச் சேதங்களுக்கும் அரசு வரைந்த வெள்ளப்பகுதி எல்லைகளுக்கும் தொடர்பே இல்லை. அமெரிக்காவின் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் சாக்கடைப் பின்னோட்டம் அடங்காது. கூடுதல் பிரிவாகக் கேட்டு வாங்கவேண்டும். 2023 ஜூலை 2ஆம் தேதி சிகாகோ நகரின் மேற்குப் பகுதியில் சில இடங்களில் 8 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. ஆழ்சுரங்கம் எத்தனை பெரிதானாலும் அதுவரை நீரைக் கொண்டுசேர்க்கவேண்டியவை தெருவின் பழைய, குறுகிய குழாய்கள்தான். ஆயிரக்கணக்கான பேஸ்மென்ட்டுகள் நிரம்பின. ஆகஸ்ட்டில் அப்பகுதிக்குக் கூட்டரசின் பேரிடர் அறிவிப்பு வந்தது. மெக்குக் தேக்கத்தின் இரண்டாம் பகுதி 2029இல் முடியுமெனத் திட்டமிடப்பட்டிருந்தது.